விண்ணப்பம் எழுதப் பழக்குவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளராக இருக்கிறேன். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் தமிழ்ப் பாடசாலைக் கமிட்டிகளுடைய பழைய கூட்டக் குறிப்பேடுகளை ஆராய நிதி கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். பல்கலைக்கழகம் நடத்திய ஒருநாள் பயிற்சியில் படிவம் நிரப்புவதை மட்டுமே சொல்லித் தந்தார்கள். இத்தகைய பயிற்சியால் பயன் உண்டா? செல்வாக்கு உள்ளவர்களுக்குத்தான் பணமா? விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்.

ம., டர்பன்

அன்புள்ள ம.,

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் செல்வாக்கு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் பழக்கம்தான். மூத்த பேராசிரியர் பக்கத்தில் அமர்ந்து, வென்ற விண்ணப்பங்களை வாசித்து, தன்னுடையதை அவரிடம் திருத்தக் கொடுத்து வளர்ந்தவருக்கு அது கைவருகிறது. நிறவெறி ஆட்சியில் நம்மவர்களுக்கு 1961இல் கிடைத்தது டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி. அங்கே அந்தப் பழக்கத்தை யார் யாருக்குக் கைமாற்றியிருக்க முடியும்? பயிற்சி ஈடுசெய்ய வேண்டியது இந்த இழப்பைத்தான்.

உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தேன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி, கரும்புத் தோட்டங்கள், 1911இல் ஒப்பந்தக் கூலிகள் வருவது நின்றது என்று நீள்கிறது. இவையெல்லாம் மதிப்பீட்டாளருக்குத் தெரியும். உங்கள் கேள்வி மூன்றாம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கிறது. அதை எடுத்து முதல் வரியில் வையுங்கள்: "தமிழைக் காக்கவென்று கூடியவர்கள் தங்கள் கூட்டக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியது ஏன்?" இதைப் படித்தவர் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க மாட்டார். தமிழ்க் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதை அடுத்து எழுதுங்கள். ஏன் இப்போதே செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

செலவுக் கணக்கில் "பயணமும் இதரமும்" என்று ஒரே தொகை போட்டிருக்கிறீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கு எத்தனை நாள், எதைப் பார்க்க, கையெழுத்துப் படியெடுக்கும் மாணவருக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் காட்டுங்கள். ஆய்வுமுறையில் இல்லாத வேலைக்குப் பணம் கேட்டாலும், அங்கே சொன்ன வேலைக்குக் கேட்காமல் விட்டாலும் சந்தேகம்தான் எழும்.

இன்னொன்று. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் துதுகா நிதித் திட்டம் வளரும் ஆய்வாளர்களுக்கானது. ஆய்வுக்கு அங்கே கேளுங்கள். குறிப்பேடுகளை மின்படியாக்க, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தைப் பாருங்கள். மூல ஆவணம் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. கமிட்டிப் பெரியவர்களிடம் இதை முதலில் சொன்னால் அலமாரி திறக்கும்.

ஒருநாள் பயிலரங்கால் இது எதுவும் நடக்காது. அறக்கட்டளையின் கடைசித் தேதிக்கு முன்பே பல்கலைக்கழகம் தனக்கென ஒரு தேதி வைத்து விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புகிறது. அந்த நெருக்கடியில் யாராலும் நிதானமாகத் திருத்திக்கொடுக்க முடியாது. அறிவிப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆறேழு பேர் கூடி, வென்றதும் தோற்றதுமான பழைய விண்ணப்பங்களுக்கு, எழுதியவர்களின் அனுமதியோடு, நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். மதிப்பீட்டாளரின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தவர் பிறகு கேள்வியை மூன்றாம் பக்கத்தில் வைக்க மாட்டார். இதற்கு இடமும் நேரமும் ஒதுக்கச் சொல்லி, சக விரிவுரையாளர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். திருத்திய முதல் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.