உள்ளே நிற்கிறது, வெளியே ஓடுகிறது: டேட்டாபேஸ் சிங்க் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் மருந்துக்கடை பில்லிங் டேட்டாபேஸ் (மைஎஸ்க்யூஎல்) 192.168.1.10 என்ற கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை அந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பும் விதி) செய்து, லேப்டாப்பில் வெளி ஐபியை, அதாவது இணையத்துக்குத் தெரியும் கடை முகவரியை, போட்டிருக்கிறேன். வீட்டிலிருந்து நன்றாக சிங்க் ஆகிறது. கடைக்கு வந்து வைஃபையில் சேர்ந்தால் நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும்போதா இப்படி?

பதில்: பக்கத்தில் இருப்பதுதான் தம்பி வினையே. லேப்டாப் வெளி ஐபிக்கு அனுப்புவது ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டர் அதை 192.168.1.10-க்குத் திருப்பிவிடுகிறது. அனுப்பியவர் முகவரி மட்டும் மாறாமல், லேப்டாப்பின் 192.168.1.25 ஆகவே இருக்கிறது. 'அட, நம் தெருக்காரர்' என்று சர்வர் ரவுட்டரை விட்டுவிட்டு நேரே பதில் அனுப்பிவிடும். லேப்டாப்போ வெளி ஐபியின் பதிலுக்குக் காத்திருக்கிறது, 192.168.1.10 கொண்டுவந்ததை 'நீ யாரப்பா' என்று தள்ளிவிடும். சில ரவுட்டர்கள் இந்த அளவுக்குக்கூடப் போகாது, வாசலிலேயே தட்டிவிடும்.

ரவுட்டரில் 'நாட் லூப்பேக்' அல்லது 'ஹேர்பின் நாட்' என்று, உள்ளிருந்து வெளி ஐபியைத் தேடுவதையும் சரியாகத் திருப்பும் ஒரு வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: லேப்டாப்பில் எண்ணை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். அந்தப் பெயருக்குக் கடைக்குள் இருக்கும் டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை) 192.168.1.10 என்று சொல்லட்டும், வெளியே இருப்பது வெளி ஐபியைச் சொல்லட்டும். டிடிஎல் (அந்தப் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 60 வினாடி போதும். நீளமாக வைத்தால் பழைய பதிலையே பிடித்துக்கொண்டு நிற்கும். போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டிருந்தால் அது கடை டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது. இது தெரியாமல் நானே ஒரு வாரம் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டை ஊருக்கே திறந்து வைத்திருக்கிறீர்கள். முதலில் அதை மூடுங்கள். வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை) போட்டு, பெயர் எப்போதும் விபிஎன் முகவரியையே காட்டும்படி வைத்தால், உள்ளே வெளியே என்ற சண்டையே இருக்காது.

கேள்வி: போர்ட் ஃபார்வர்டு பத்து முறை சரிபார்த்துவிட்டேன். வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பதில்: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று காட்டுவதையும், 'என் ஐபி என்ன' என்று இணையத்தில் தேடினால் வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வெளி ஐபி பல வீடுகளுக்குப் பொதுவானது. உங்கள் ரவுட்டரில் என்ன விதி போட்டாலும் பலனில்லை. இணைய நிறுவனத்திடம் காசு கட்டி நிலையான ஐபி வாங்குங்கள், அல்லது வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சர்வர்) எடுத்து வயர்கார்டை அதன் வழியாக விடுங்கள்.

கேள்வி: சார், ஒரு நாள் 2003, ஒரு நாள் 1130, ஒரு நாள் 1045 என்று மைஎஸ்க்யூஎல் பிழை மாறி மாறி வருகிறது. எதைத் திருத்துவது?

பதில்: நல்ல சேதி, ஒவ்வொரு எண்ணும் ஒரு இடத்தைக் காட்டுகிறது. 2003 வந்தால் டேட்டாபேஸை நீங்கள் தொடவே இல்லை. அடைப்புக்குறிக்குள் 111 இருந்தால் கதவில் ஆளில்லை: உபுண்டுவில் நிறுவினால் 'பைண்ட் அட்ரஸ்' 127.0.0.1 (தன் கம்ப்யூட்டருக்குள் மட்டும்) என்றே இருக்கும், அதைப் பாருங்கள். 110 என்றால் பாக்கெட் வழியில் எங்கோ தொலைகிறது, பெரும்பாலும் ஃபயர்வால். விண்டோஸில் இவை 10061, 10060. 1130 என்றால் வந்து சேர்ந்துவிட்டீர்கள், ஆனால் அந்த முகவரியிலிருந்து வர எந்தக் கணக்குக்கும் அனுமதியில்லை. மைஎஸ்க்யூஎல் கணக்கு பெயர் மட்டுமல்ல, பெயரும் இடமும் சேர்ந்தது. 192.168.1.% என்று உருவாக்கியிருந்தால் வெளியிலிருந்து வருபவர் அதற்கு அந்நியர். 1045 என்றால் கடவுச்சொல் தவறு, அல்லது அந்தப் பெயரும் இடமும் சேர்ந்த கணக்கு இல்லை.

கேள்வி: மாங்கோடிபி ரெப்ளிகா செட் (ஒரே டேட்டாபேஸின் நகல்களை வைத்திருக்கும் சர்வர் குழு). வெளி ஐபி கொடுத்தால் இணைகிறது, உடனே 10.0.0.5-ஐத் தேடி விழுகிறது. அந்த எண்ணை நான் எங்கேயும் எழுதவில்லையே!

பதில்: நீங்கள் எழுதவில்லை, செட்டை உருவாக்கியவர் எழுதியிருக்கிறார். நீங்கள் கொடுத்த முகவரி முதல் தட்டலுக்குத்தான். அதன்பின் சர்வர் தரும் உறுப்பினர் பட்டியலைத்தான் டிரைவர் (உங்கள் செயலியை டேட்டாபேஸுடன் இணைக்கும் பகுதி) நம்பும். அந்த அமைப்பில் ஐபிகளுக்குப் பதில், உள்ளேயும் வெளியேயும் செல்லும் பெயர்களை வையுங்கள். 'டைரக்ட் கனெக்ஷன்' போட்டால் உடனே ஓடும்தான், ஆனால் முதன்மை சர்வர் மாறினால் பின்தொடராது. சோதனைக்கு மட்டும் சரி.

கேள்வி: விபிஎன் வழியாகச் சின்னத் தகவல் போகிறது, பெரியது பாதியில் தொங்குகிறது.

பதில்: எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அளவு, பெரிதாக இருக்கலாம். வயர்கார்டு வழக்கமாக 1420 வைக்கும். 1280-க்கு இறக்கிப் பாருங்கள். தீர்ந்தால் மெல்ல ஏற்றுங்கள்.

கேள்வி: தலைமைக் கடை, கிளைக் கடை இரண்டும் 192.168.1.x. விபிஎன் இணைந்தும் சர்வர் தெரியவில்லை.

பதில்: கிளையின் கம்ப்யூட்டர் 192.168.1.10-ஐத் தன் அறைக்குள்ளேயே தேடும், விபிஎன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு கடையை 192.168.57.x போல மாற்றுங்கள். மாற்றும்போது நிலையான ஐபி போட்ட பிரிண்டரையும் கேமராவையும் மறக்காதீர்கள். நான் மறந்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பில் அடிக்க ஆள் வரிசையில் நிற்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.