கண்ணுக்குத் தெரியும் நிலா, கேமராவில் ஏன் மங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 150 மி.மீ. விட்டம், 750 மி.மீ. குவியத்தூரம் கொண்ட நியூட்டன் வகை டெலஸ்கோப் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் நிலா பளிச்சென்று தெரிகிறது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவை மாட்டினால், ஃபோகசரை (பார்க்கும் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகரும் குழாயை) முழுவதும் உள்ளே தள்ளினாலும் மங்கலாகவே இருக்கிறது. டெலஸ்கோப் பழுதா?

பதில்: பழுதில்லை. கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பல நியூட்டன்களில் பிம்பம் ஃபோகசரின் வாயை ஒட்டித்தான் விழும். கேமராவுக்கு அது போதாது. கேனான் இ.எஃப். கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் டி-ரிங் வளையத்தின் தடிமன் 11 மி.மீ. ஆக, ஃபோகசர் வாயிலிருந்து 55 மி.மீ. வெளியே பிம்பம் விழுந்தால்தான் சென்சாருக்குக் கிடைக்கும். நிக்கானில் உள்ளளவு 46.5 மி.மீ.; டி-ரிங் அதற்கேற்ப மெலிந்திருப்பதால் அங்கும் 55தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஃபோகசரை முழுவதும் உள்ளே தள்ளி, ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) எடுத்துவிட்டு, டெலஸ்கோப்பை நிலாவுக்குத் திருப்புங்கள். ஃபோகசர் வாய்க்கு நேரே ஒரு துண்டு பட்டர் பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் நிலா ஏறக்குறைய 7 மி.மீ. அகலத்தில், ஓரம் கூர்மையாக விழும். வாயிலிருந்து அந்த இடம்வரை ஸ்கேல் வைத்து அளங்கள். 20 மி.மீ. என்று வந்தால் உங்களுக்குக் குறைவது 35 மி.மீ. இருபுறமும் நகர்த்திச் சரிபார்க்க இடம் வேண்டுமே, 40 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 40 மி.மீ.ஐப் பெற நேரான வழி, குழாயின் அடியில் உள்ள பெரிய கண்ணாடியை அதே அளவு மேலே ஏற்றுவது. குறைவது 15, 20 மி.மீ. என்றால், கண்ணாடித் தாங்கியின் திருகுகளையும் ஸ்பிரிங்குகளையும் நீளமானவையாக மாற்றினாலே போதும். அதற்கு மேல் போனால் நீண்ட திருகு ஆடும். டெலஸ்கோப்பைச் சாய்க்கும்போதெல்லாம் கண்ணாடி அசைந்து, செய்து வைத்த காலிமேஷன் (கண்ணாடிகளின் நேர்சீர்) கெடும். அப்போது தாங்கியையே கழற்றி, குழாயில் 40 மி.மீ. மேலே புதுத் துளைகள் போட்டு மாட்டுவதுதான் சரி. துளையிடும் முன் இரண்டு கண்ணாடிகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். இரும்புத் தூள் கண்ணாடிப் பூச்சில் விழுந்தால் துடைத்துச் சரிசெய்ய முடியாது, கீறல்தான் மிஞ்சும். சில டெலஸ்கோப்புகளில் தாங்கி குழாய்க்குள் இறங்காமல், மூடிபோல வெளியே கவிந்திருக்கும். அங்கே குழாயையே வெட்ட வேண்டிவரும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், முதலில் உயரம் குறைந்த ஃபோகசர் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள்.

மேலே ஏற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. சாய்வுக் கண்ணாடியிலிருந்து (ஒளியை ஃபோகசருக்குத் திருப்பும் சிறிய கண்ணாடி) பிம்பம் விழும் இடம்வரை முன்பு 200 மி.மீ. இருந்ததென்றால், இப்போது 240. எஃப்/5 (குவியத்தூரம் 750 ÷ விட்டம் 150 = 5) டெலஸ்கோப்பில் சாய்வுக் கண்ணாடிமேல் விழும் ஒளிக்கூம்பின் அகலம் 200/5 = 40-லிருந்து 240/5 = 48 மி.மீ. ஆகிறது. உங்கள் சாய்வுக் கண்ணாடியின் குறுகிய அகலம் 45 மி.மீ.தான் என்றால் ஓரத்து ஒளி வீணாகும், 150 மி.மீ. கண்ணாடி 140 மி.மீ. கண்ணாடியைப் போலத்தான் வேலை செய்யும். தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மாற்றியபின் கண்ணால் பார்க்க, ஐபீஸுக்கு 40 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்று தேவைப்படும்.

பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போட்டாலும் ஃபோகஸ் கிடைக்கும். நிலாவுக்கும் கோள்களுக்கும் அது நல்ல வழி. நெபுலாவுக்கு (விண்வெளி வாயு மேகத்துக்கு) வேண்டாம்: 2 மடங்கு பார்லோ எஃப்/5-ஐ எஃப்/10 ஆக்கிவிடும், அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும்.

கேள்வி: கேமராவின் உள் ஃபில்டரை எடுத்துவிட்டால்தான் நெபுலா சிவப்பாக வரும் என்கிறார்கள். உடனே எடுத்துவிடலாமா?

பதில்: எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெபுலாக்களில் ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. மனிதத் தோலின் நிறம் இயல்பாக வருவதற்காக வைத்த ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. குதிரைத்தலை, ரோசெட், கலிஃபோர்னியா நெபுலாக்கள் வேண்டுமென்றால் மாற்றம் பெரிதும் உதவும். கார்த்திகைக் கூட்டம், கோள வடிவ விண்மீன் கொத்துகள், ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் போன்றவற்றுக்கு மாற்றாத கேமராவே போதும். ஓரியன் நெபுலாவும் அதில் அழகாகவே வரும். முதல் சில மாதங்கள் இவற்றில் கை பழகட்டும்.

எடுப்பதென்று முடிவுசெய்தால், பழைய இரண்டாம் கேமராவில் செய்யுங்கள். பல கேனான் டி.எஸ்.எல்.ஆர்.களில் சென்சாருக்கு முன் இரண்டு ஃபில்டர்கள் உண்டு. முன்னால் இருப்பது தூசியை உதறுவது, அகச்சிவப்பையும் தடுப்பது, அதை விட்டுவிடுங்கள். பின்னால் நீலம் கலந்த கண்ணாடியாகத் தெரிவதுதான் சிவப்பைக் குறைப்பது. எடுக்க வேண்டியது அதை மட்டும்.

திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதன்பிறகும் ஃபிளாஷின் கெபாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கும், அதன் முனைகளில் விரல் படக்கூடாது. சென்சாரைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகள் ஒவ்வொன்றும் எத்தனை சுற்றில் கழன்றன என்று கால் சுற்றுவரை எழுதி வையுங்கள். ஒன்று கூடக்குறைய இருந்தாலும் சென்சார் சாய்ந்துவிடும். படத்தின் ஒரு பக்கம் விண்மீன்கள் ஊசிமுனையாகவும் மறுபக்கம் பஞ்சு உருண்டையாகவும் வரும். மாற்றியபின் பகல் படங்கள் சிவந்திருக்கும், ஒயிட் பேலன்ஸைக் கையால் வைக்க வேண்டும். ஃபில்டர் எடுத்த இடம் வெறுமையாக இருந்தால் ஆட்டோஃபோகஸ் தவறும். டெலஸ்கோப்பில் அதனால் பாதிப்பில்லை.

கேள்வி: டெலஸ்கோப்பை வானத்தோடு திருப்பும் மோட்டார் போட்டும் விண்மீன்கள் கோடாக இழுபடுகின்றனவே?

பதில்: வானம் நொடிக்கு 15 விகலை (ஒரு விகலை, பாகையில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. 750 மி.மீ. குவியத்தூரத்தில், 4.3 மைக்ரான் பிக்சலில், ஒரு பிக்சல் 1.2 விகலைதான். அதாவது மோட்டார் இல்லையென்றால் ஒரே நொடியில் 12 பிக்சல் இழுபடும். மோட்டார் இருந்தும் இழுபட்டால், எந்தத் திசையில் என்று பாருங்கள். வடக்கு-தெற்காக என்றால் மவுண்டின் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அமைப்பின்) அச்சு வான துருவத்துக்கு நேராக இல்லை. கிழக்கு-மேற்காக, சில படங்களில் மட்டும் என்றால் பல்சக்கரத்தின் குறை. எடையைக் கிழக்குப் பக்கம் ஒரு துளி கூட்டி வைத்தால் பல்லிடுக்கு ஆட்டம் குறையும். 30 நொடியில் தொடங்குங்கள், கெட்ட படங்களைக் கழித்துவிடலாம். நிமிர்ந்தும் சுழன்றும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அஜிமத் மவுண்ட் என்றால் படமே மெல்லச் சுழலும். அங்கே 30 நொடியே பல இடங்களில் அதிகம்.

கேள்வி: மூலைகளில் விண்மீன்கள் வால்நட்சத்திரம் போல் தெரிகின்றன.

பதில்: அது கோமா, எஃப்/5 பரவளையக் கண்ணாடியின் இயல்பு. அதைத் திருத்தும் லென்ஸான கோமா கரெக்டர் போடுங்கள். அதற்கும் சென்சாருக்கும் இடையே பெரும்பாலும் 55 மி.மீ. இருக்க வேண்டும்.

கேள்வி: ஐ.எஸ்.ஓ. எவ்வளவு? டார்க் (மூடி வைத்து எடுக்கும் இருட்டுப் படம்), ஃபிளாட் (சமமான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எல்லாம் கட்டாயமா?

பதில்: ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600, ரா கோப்பு. கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடது சுவரைவிட்டு விலகி, கால் பங்கில் நிற்கட்டும். 30 நொடியில் 120 படம் எடுத்தால் ஒரு மணி நேரம். அதை டீப்ஸ்கைஸ்டேக்கர் அல்லது சிரில் மென்பொருளில் ஒரே படமாக அடுக்குங்கள், இரண்டும் இலவசம். மூடியை மூடி, அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ.வில், அந்த இரவின் குளிரிலேயே 20 டார்க் எடுங்கள். ஃபிளாட்டைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், ஆனால் கண்ணாடியை மேலே ஏற்றிய டெலஸ்கோப்புக்கு அது கட்டாயம்: ஓர இருட்டை அதுதான் நீக்கும். குழாய் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, விடியல் வானத்தைப் பார்த்து, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி 20 படம் எடுங்கள். அதுவரை கேமராவைக் கழற்றவோ ஃபோகஸை அசைக்கவோ கூடாது. தூசி நிழலின் இடம் மாறிவிட்டால் அந்த ஃபிளாட், இல்லாத கறையை நீக்கப்போய்ப் படத்தில் புதுக் கறையைப் போட்டுவிடும்.