‘ஆமா’ போட ஆள் வேண்டும்: போன் வழியே மனிதர்களைச் சேர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

நான் பாளையங்கோட்டைக்காரன். போன் வழியாகவும் பொது இடத்துத் திரைகள் வழியாகவும் மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகுவதற்கு வழி செய்து தரும் வடிவமைப்பு வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். இதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (பாளை, கல்லூரி மாணவி): அண்ணாச்சி, ‘இன்டராக்டிவ் மீடியா’ படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் ‘படம் வரைகிற வேலையா?’ என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: வில்லுப்பாட்டைச் சொல்லிப் புரியவையுங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். அது வராமல் கதை நகராது. கூட்டம் கண் அசந்தால் புலவர் வேகத்தைக் கூட்டுவார். பிள்ளைகள் சிரித்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டுவார். எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்து அடுத்த வரி மாறுகிறது. சினிமாவில் அப்படி மாறாது, ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். இன்டராக்டிவ் மீடியாவுக்கும் சினிமாவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

போனுக்கும் அந்த ‘ஆமா’ உண்டு, அதற்கு ஒரு கணக்கும் உண்டு. தொட்ட 0.1 விநாடிக்குள் திரை அசைந்தால் உடனே நடந்தது போலத் தோன்றும். 1 விநாடி வரை நினைப்பு அறுந்துபோகாது. 10 விநாடி தாண்டினால் ஆள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். 1968-ல் ராபர்ட் மில்லர் எழுதியதை 1993-ல் யாக்கோப் நீல்சன் மறுபடி எடுத்துச் சொன்னார், இன்றும் அதுதான் அளவு. ஆனால் இது இயந்திரம் போடும் ‘ஆமா’. அந்தப் பக்கத்து மனிதர் போடும் ‘ஆமா’ வந்து சேர்கிறதா என்பதுதான் என் கவலை.

கேள்வி (சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): தம்பி, எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். 400 பேர். காலை வணக்கப் படங்களைத் தவிர ஒன்றும் வருவதில்லை. தனியாக ஒரு ஆப் செய்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது ஐயா. புது ஆப்பைப் பெரும்பாலோர் இறக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பது உண்மை. சேர்க்க முடிகிறதே என்று எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தால் யார் வாய் திறப்பார்கள்? 400 பேர் முன்னால் ‘மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்’ என்று ஒருவர் சொல்வாரா? காலை வணக்கம் போடுகிறவர் ‘நானும் இருக்கிறேன்’ என்று கை தூக்குகிறார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேசுவதற்கு வேறு வழி நாம் தரவில்லை.

செட் செட்டாகப் பிரித்துவிடுங்கள், ஒரு குழுவில் முப்பது நாற்பது பேர். வாரம் ஒரு பழைய வகுப்புப் படம், பெயர் எழுதாமல். ‘மூன்றாவது வரிசை, இடது ஓரம் யார்?’ என்று மட்டும் கேளுங்கள். முதலில் சொன்னவர் அந்த ஆளுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, என்ன பேசினார்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட வேண்டும் என்பது மட்டும் விதி. இன்னொன்றும் செய்யுங்கள். வருகைப் பதிவேடு எடுத்த அதே குரலில் பெயர்களை வாசித்து ஒருநாள் அனுப்பிப் பாருங்கள். ‘உள்ளேன் ஐயா’ வரும்.

கேள்வி (மேலப்பாளையம்): அண்ணே, என் மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் துபாயில். அவர்களே போன் போட்டுப் பேச ஆசைப்படுகிறார்கள். எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப் எது என்பதைவிட முதல் திரையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆண்ட்ராய்டு போனில் ஒருவருடைய எண்ணை நேராக முதல் திரையில் வைக்கலாம், அவர் முகத்தோடு. மகன், மகள், நீங்கள், பக்கத்து வீடு என்று நான்கு முகங்கள் போதும். மற்ற எல்லாவற்றையும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

என் ஆச்சிக்குப் பச்சைப் பட்டன் என்றால் எடு, சிவப்பு என்றால் வை என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுப் போன் வாங்கிக் கொடுத்தோம். அதில் பச்சையைத் தொட்டால் போதாது, இழுக்க வேண்டும். போன் அடிக்க அடிக்க, தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நான் இந்த வேலையைப் பார்க்கும் விதமே அன்றுதான் மாறியது. சில போன்களில் ஒரே தொடலில் எடுக்கும் வசதி அக்செசிபிலிட்டி செட்டிங்கில் உண்டு, தேடிப் பாருங்கள். பட்டன் 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆண்ட்ராய்டு கேட்கும் 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு) என்பது ஏறக்குறைய அந்த அளவுதான். கை நடுங்குகிறவர்களுக்கு அதுவும் பத்தாது.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இஷா தொழுகை முடிந்து மாமி ஓய்வாக இருக்கும்போது அங்கே மகன் வேலை விட்டு வந்துகொண்டிருக்கலாம். அப்போது வாய்ஸ் மெசேஜ்தான் நல்லது. பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசி விடுவது, அவ்வளவுதான். எழுத்து தெரியாதவர்கள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம், பொறியியல் மாணவர்): அண்ணாச்சி, நான் செய்த ஆப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால் எழுத்துகள் வெட்டுப்படுகின்றன, பட்டன் உடைகிறது. தமிழில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு தமிழில் இல்லை, ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையில். ஆங்கிலத்தில் ‘Login’ என்று ஐந்து எழுத்தில் முடிகிற சொல் நம்மிடம் ‘உள்நுழைக’ என்று நீளும். அதோடு நம் எழுத்துக்கு மேலேயும் ஆள் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. ‘தீ’யின் சுழி மேலே போகும், ‘மூ’வின் கால் கீழே இறங்கும். வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டுங்கள், பட்டனுக்கு உயரத்தை அடித்து வைக்காதீர்கள். வரைய ஆரம்பிக்கும்போதே இருப்பதிலேயே நீளமான தமிழ்ச் சொல்லைப் போட்டு வரையுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ‘நெல்லை’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) ஆறு குறிகள்: ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக்கொம்பு. உங்கள் ஆப் ‘பத்து எழுத்துக்குள் பெயர்’ என்று கேட்டுக் குறிகளை எண்ணினால், ‘திருநெல்வேலி’ என்ற ஆறெழுத்துச் சொல்லையே 12 என்று சொல்லி வெளியே தள்ளும். எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் போன்ற யூனிகோட் எழுத்தில் 70 குறி. அதாவது ஏறக்குறைய நாற்பது எழுத்தில் ஒரு செய்தி முடிந்துவிடும். செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள், காசும் மிச்சம்.

அப்புறம், சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது வாயில் புழங்குகிற சொல்லாகப் பாருங்கள். ‘அனுப்பு’ எல்லோருக்கும் புரியும். ‘அமைப்புகள்’ என்று போட்டால் சங்கம், கழகம் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘செட்டிங்’ என்றே போடலாம். எனக்குத் தமிழ் மேல் இருக்கிற பிரியம் அதனால் குறையாது.

கேள்வி (வண்ணார்பேட்டை, கடைக்காரர்): 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் குழுக்களில் உதவி கேட்டுச் செய்தி மேல் செய்தி. யாருக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த முறைக்கு என்ன செய்து வைக்கலாம்?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். நான் அன்று வெளியூரில் இருந்து, உதவி கேட்பவர்கள் நிரப்புவதற்காக இணையத்தில் ஒரு படிவம் செய்து அனுப்பினேன். 14 கேள்விகள், பின்கோடு உட்பட. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் எப்படி நிரப்புவார்? ஒன்றிரண்டுதான் வந்தது. அது என் தவறு, இன்றுவரை உறுத்துகிறது.

பிறகு அந்த நாட்களின் செய்திகளை உட்கார்ந்து வாசித்தேன். மூன்று குறைகள் திரும்பத் திரும்ப இருந்தன. நேரம் இல்லை. ஊர் இல்லை, ‘மேலத்தெருவில் பத்துப் பேர்’ என்று வருகிறது, மேலத்தெரு இல்லாத ஊர் நம் பக்கத்தில் உண்டா? மூன்றாவதுதான் பெரிய குறை: முடிந்தது என்ற செய்தி இல்லை. பால் கிடைத்த குழந்தைக்காக மறுநாளும் பால் கேட்டு அதே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020-ல் கட்டுப்படுத்தியது. அது பரவும் வேகத்தைக் குறைக்கும். பழசாகிவிட்டது என்று சொல்லாது.

ஆகவே, மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். உதவி கேட்கும் செய்தி அவருக்கு மட்டும் போக வேண்டும். ஊர், தெரு, அடையாளம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு. இவ்வளவுதான். அவர் இரண்டு பதில் கட்டாயம் போட வேண்டும்: ‘பார்த்துவிட்டேன், இன்னார் வருகிறார்’ என்று ஒன்று, ‘சேர்ந்துவிட்டது’ என்று ஒன்று. பட்டியலைக் காகிதத்தில் எழுதி, நேரத்தோடு படமெடுத்துப் போடட்டும். காகிதத்துக்குச் சார்ஜ் தேவையில்லை. நெட் இல்லாதபோதும் எஸ்எம்எஸ் போகலாம், அதையும் பழகிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், மேப்பில் இடத்தைக் குறித்துத் தெரியும் எண்களை அப்படியே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம். வீட்டில் எல்லாப் போனையும் ஒன்றாக எரியவிடாமல், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர எண் 112. இரண்டையும் இன்றே சேமித்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். பார்க்காத ஏற்பாடு அன்றைக்கு நினைவுக்கு வராது.

கேள்வி (கூத்தங்குழி, மீனவர்): கடல் நிலவரத்தை எங்கள் ஊரில் எல்லோருக்கும் சேர்க்க ஆப்தான் வழியா?

பதில்: எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய திட்டத்தில், புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்து, கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. அங்கேயே விவாதித்து முடிவெடுக்கவும் முடிந்தது. அந்த நிறுவனம் பிறகு மீனவர்களுக்கான ஆப்பும் கொண்டுவந்தது, அதுவும் நல்லதே. ஆனால் உங்கள் ஊரில் கோயில் ஒலிபெருக்கி இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி (களக்காடு பக்கம், கொடைக் குழு): எங்கள் ஊர் ஆட்கள் நிறையப் பேர் மும்பை தாராவியில். கொடைக்கு வர முடியாதவர்களுக்கு யூடியூப் நேரலை போடுகிறோம். பார்க்கிறார்கள், ஆனால் ‘வந்த மாதிரி இல்லை’ என்கிறார்கள்.

பதில்: 1980 நவம்பரில் கிட் காலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் நியூயார்க்கில் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னலிலும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடைச் சன்னலிலும் ஆளுயரத் திரை வைத்து, செயற்கைக்கோள் வழியே இணைத்தார்கள். அறிவிப்பு இல்லை, விளம்பரப் பலகை இல்லை, விளக்கமும் இல்லை. வழியில் போனவர்கள் ஏறக்குறைய 2,500 மைலுக்கு அப்பால் இருப்பவர்களை எதிரில் நிற்பது போலப் பார்த்துப் பேசினார்கள். மூன்றே மாலைகள். மூன்றாம் நாள், பல வருடம் பார்க்காத சொந்தங்கள் பேசிவைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

உங்கள் நேரலை ஒருவழிப் பாதை. யூடியூபில் பல விநாடி தாமதம் இருக்கும், தாராவியில் போடும் குலவை இங்கே கேட்காது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்று வையுங்கள். பந்தல் ஓரத்தில் ஒரு பெரிய திரை, தாராவியில் ஆட்கள் கூடும் இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சாதாரண வீடியோ கால். கேமரா கண் உயரத்தில், திரையை ஒட்டி இருக்கட்டும். சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும். 400-ஐத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொள்வார்கள். ஆகவே மொபைல் நெட்டை நம்பாமல் கம்பி இணைப்பு எடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் டவர் திணறும். நெரிசலும் மேளமும் இல்லாத ஓரமாகப் பாருங்கள். மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்த ஆள் போட வேண்டாம். சாமி இருக்கும் பக்கம் கேமரா திரும்பலாமா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (முக்கூடல், பீடி சுற்றும் பெண்கள் குழுவின் சார்பில்): அண்ணாச்சி, பெண்களுக்கென்று குழு ஆரம்பித்தோம். நம்பர் வெளியே போய், தெரியாத ஆட்கள் போன் செய்கிறார்கள்.

பதில்: சாதாரண வாட்ஸ்அப் குழுவில் உள்ள எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். அதனால் சேரும் லிங்கைப் பொதுவில் போடாதீர்கள், பழையதை இப்போதே ரத்து செய்யுங்கள். ஒருவருக்கு ஒருவர் சாட்சி சொல்லித்தான் சேர்க்க வேண்டும். முகப்புப் படம் யாருக்குத் தெரியலாம் என்பதையும் நீங்கள் சேமித்துவைத்த எண்களுக்குள் அடக்கிவிடலாம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகளே. உங்களுக்காக யாராவது ஆப் செய்து தர வந்தால், பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் எப்படி வாங்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி (பாளை): பார்வையில்லாத நண்பருக்கு என் ஆப் பயன்படுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போனில் டாக்பேக்கை (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி) போட்டு, திரையை மறைத்து, நீங்களே ஒருமுறை முழுக்கப் போய்ப் பாருங்கள். ‘பெயரில்லாத பட்டன்’ என்று எத்தனை தடவை கேட்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்த பிறகு நண்பரைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள்.

கேள்வி (பத்தமடை, பாய் நெய்பவர்): அண்ணே, எங்கள் பாய் எங்கெங்கோ போகிறது. வாங்கியவர்களும் நாங்களும் பேசிக்கொள்ள ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. பாயோடு ஒரு சின்ன அட்டை, அதில் கியூஆர் கோடு. 1994-ல் ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுக்கக் கண்டுபிடித்தது அது. உயர்ந்த திருத்த நிலையில் அச்சடித்தால் 30 சதவீதம் வரை கறைபட்டாலும் போன் படித்துவிடும். அதை ஸ்கேன் செய்ததும் கடைப் பக்கம் திறக்க வேண்டாம். பாயை நெய்தவரின் குரல் அரை நிமிடம் கேட்கட்டும்: கோரையை ஆற்றில் எத்தனை நாள் ஊறப்போட்டார்கள், எத்தனை நாளில் நெய்தார்கள் என்று. அடியில் ஒரே ஒரு பட்டன், பதிலுக்குப் பேச. உங்கள் சொந்த எண்ணைப் போடாமல், குழுவுக்கென்று தனி எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எத்தனை பேர் பேசினார்கள் என்று எண்ணுங்கள். கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து தருகிறீர்களே, முதலில் அந்தப் பாய்களுக்கு மட்டும் அட்டை வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் கழித்து அந்தத் தம்பதியிடமிருந்து ஒரு குரல் வந்தால், தறியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகப் போடுங்கள்.