அவன் சொல்லல, நான் கேக்கல

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கும் அவருடைய நண்பருக்கும் இருபது வருடப் பழக்கம். ஞாயிறு தவறாமல் ஷட்டில் ஆடுவார்கள். அந்த நண்பர் மனைவியைப் பிரிந்து தனி வீட்டில் இருக்கிறார், ஆறு மாதம் ஆகிறது என்று போன வாரம் வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. “உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?” என்றால், “அவன் சொல்லல, நான் கேக்கல” என்கிறார். என் தோழிகள் ஒருநாள் சரியாகத் தூங்கவில்லை என்றால்கூட எனக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் இவர் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டுவார். ஆண்களுக்கு நெருக்கம் என்பது மனைவியோடு மட்டும்தானா? நண்பர்களோடு வரவே வராதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்ன அந்த வரியை நானும் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றியும் ஒரு நண்பன் சொல்லியிருப்பான்.

என் அப்பா இறந்த பிறகு அவன் நாலைந்து நாள் தொடர்ந்து சாயங்காலம் வந்தான். அப்பாவின் மேஜை டிராயரில் இருந்த காப்பீட்டுத் தாள்கள், பேங்க் புத்தகங்கள், பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஆண்டு வாரியாக அடுக்கினான். படிவங்களை அவனே நிரப்பினான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தாளில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டபோது, அந்தத் தாளை மெதுவாக வாங்கி அடியில் வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினான். அது நெருக்கம் இல்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பால் ரைட் என்ற உளவியலாளர் 1982-ல் இதைப் பற்றி எழுதினார். பெண்களின் நட்பு முகத்துக்கு முகம் பார்ப்பது, ஆண்களுடையது தோளோடு தோள் நிற்பது என்பது அவர் சொன்ன வித்தியாசம். நட்பு ஆழமாக ஆக அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும் என்றும் சொன்னார். பலரும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘ஆண்கள் அப்படித்தான்’ என்று முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனம்விட்டுப் பேசுவது பற்றிய 205 ஆய்வுகளை 1992-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பெண்கள் கூடுதலாகப் பேசுவது உண்மை, ஆனால் அந்த இடைவெளி சின்னதுதான். ஹாரி ரெய்ஸும் அவருடன் இருந்தவர்களும் செய்த 1985-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் முக்கியம். நெருங்கிய நண்பனோடு உட்கார்ந்து மனசில் உள்ளதைப் பேசச் சொன்னபோது, ஆண்களும் பெண்கள் அளவுக்கே பேசினார்கள். ஆக, முடியாமல் இல்லை. யாராவது சொல்லும்வரை செய்வதில்லை, அவ்வளவுதான்.

நம் மொழியில் ‘பழகு’ என்ற ஒரே சொல் நீச்சலுக்கும் வருகிறது, மனிதருக்கும் வருகிறது. உங்கள் கணவர் பேச்சைப் பழகியது உங்களிடம் மட்டும். நீங்கள் கேட்டீர்கள், அவர் சொன்னார், வருடக்கணக்கில் அது படிந்துவிட்டது. நண்பரோடு பழகியது ஆட்டம். அதனால்தான் ஒரே மனிதர் உங்களிடம் கொட்டுகிறவராகவும் அங்கே வாய் திறக்காதவராகவும் இருக்கிறார்.

அப்புறம், பெண்களின் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கவலையைத் தோழியோடு திரும்பத் திரும்பப் பேசும் பெண்பிள்ளைகளை அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். நட்பு இறுகியது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறின. ஆனாலும் இரண்டில் எது மேல் என்று கேட்டால், அளவு மீறினாலும் பேசிவிடுவதே மேல் என்பேன்.

ஏனென்றால் பேசாமல் இருந்தவனின் கதி எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒருத்தியிடமே வைத்திருக்கும் ஆண், அவளைப் பிரியும்போது மனைவியை மட்டும் இழப்பதில்லை. தன் மனசைத் தெரிந்த ஒரே ஆளையும் இழக்கிறான். கல்லூரி மாணவர்களிடம் செய்து 1983-ல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களோடு கழித்த நேரம் ஆண், பெண் இருவருடைய தனிமையையும் குறைத்தது. ஆண்களோடு கழித்த நேரத்துக்கு அந்தப் பலன் இல்லை, பேச்சில் பொருள் இருந்தால் தவிர. உங்கள் கணவரின் நண்பர் ஆறு மாதமாக அப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிறு மட்டும் தவறாமல் வந்திருக்கிறார். எதற்காக வந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஷட்டிலுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கணவரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். எதிரே உட்காரவைத்து “மனம் திறந்து பேசுங்கள்” என்று அனுப்பினால் இருவரும் உறைந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்து நடந்து வரும்போது, பார்வை முன்னால் இருக்கும்போது, “வீட்டுல தனியா எப்படிடா இருக்கே?” என்று கேட்டால் போதும். முதல் பதில் “பரவால்லடா” என்றுதான் வரும். இன்னும் கொஞ்ச தூரம் கூட நடக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை கேட்கச் சொல்லுங்கள். ஞாயிறு வரை காத்திருக்கவும் வேண்டாம், இன்றைக்கே போன் செய்யட்டும்.