கதையும் படமும்: எதை ஒப்பிடுவது?

வணக்கம்.

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையையும், 2021-இல் ‘நவரசா’ குறும்படத் தொகுப்பில் வஸந்த் இயக்கிய ‘பாயசம்’ படத்தையும் ஒப்பிட்டு 1500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். 22 வித்தியாசங்களை வரிசையாகச் சொல்லியிருந்தேன். படித்தவர்கள் ‘சரி, அதனால் என்ன?’ என்கிறார்கள். படம் கதைக்கு நியாயம் செய்திருக்கிறதா என்றும் முடிவு சொல்லத் தெரியவில்லை. எப்படித் திருத்துவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். 22-இல் மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எந்த மூன்று என்பதற்கு ஒரு சோதனை உண்டு. படம் அந்த இடத்தில் கதையில் உள்ளபடியே செய்திருந்தால் முடிவின் பொருள் மாறியிருக்குமா? மாறாது என்றால் அந்த வித்தியாசம் கட்டுரைக்கு வேண்டாம். உடை, வீட்டின் அமைப்பு, பக்கத்துப் பாத்திரத்தின் வயது எல்லாம் பெரும்பாலும் இதிலேயே உதிர்ந்துவிடும்.

‘நியாயம் செய்ததா’ என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். அதற்குக் கிடைப்பது தீர்ப்பு. கட்டுரைக்கு வேண்டியது விளக்கம். இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் கடைசிப் பத்தியில் ‘ஒளிப்பதிவு அருமை’ என்று எழுதித் தப்பிப்பதை நிறையப் பார்க்கலாம்.

‘பாயசம்’ கதையில் நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் வாலாம்பாள். கதையின் நாயகர் சாமநாது, இறந்துபோன மனைவியான அவளோடு மனசுக்குள் பேசுகிறார். எழுத்தில் அவள் ஒரு குரல் மட்டும்தான். அது அவளா, அவருடைய மனசாட்சியா, அவரே கட்டிக்கொண்ட சமாதானமா என்று பிரித்துச் சொல்ல வாசகருக்கு வழியில்லை. படத்தில் ரோகிணி அந்தப் பாத்திரமாக உடம்போடு வந்துவிடுகிறார். உடம்பு வந்ததும் அவளுக்கு ஓர் இடம் வந்துவிடுகிறது: எங்கே நிற்கிறாள், யாருக்குத் தெரிகிறாள், யாருக்குத் தெரியவில்லை. இப்போது படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஒரே சட்டகத்தில் இருக்கும் ஷாட்கள் எவை, தனித்தனியாக வெட்டப்பட்டவை எவை? அவள் வராத இடங்களில் அவர் என்ன செய்கிறார்? நிமிடம், நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் பாதியை இந்த ஒன்றே எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும்.

குறிப்பெடுக்க ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போதும்: கதையின் வரி (பக்க எண்ணோடு), படத்தின் நேரம், என்ன நடந்திருக்கிறது. மூன்றாவதில் ‘விட்டது’, ‘சேர்த்தது’, ‘இடம் மாற்றியது’, ‘ஆள் மாற்றியது’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதுங்கள். படத்தை முதல்முறை குறிப்பெடுக்காமல் ஓடவிட்டுப் பார்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் வேகம் கையில் சிக்காது.

பொதுவாக ஒன்று. நாவல் படமாகும்போது எதை விட்டார்கள் என்று பார்க்கலாம். சிறுகதை முழுநீளப் படமாகும்போது எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் பேசும். அரை மணி நேரத்தில் படித்துவிடும் கதையை இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்த இடைவெளியை இட்டு நிரப்பிய பொருளில் திரைக்கதையாளர் கதையை எப்படிப் படித்தார் என்பது தெரிந்துவிடும். ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையிலிருந்து கிளம்பிய ‘விடுதலை’ 2023-இலும் 2024-இலும் இரண்டு பாகங்களாக வந்தது. அங்கே வித்தியாசப் பட்டியல் போட ஆரம்பித்தால் முடியவே முடியாது.

பத்தி எழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. தாகூரின் ‘நஷ்டநீட்’ 1901-இல் வந்த நீள்கதை. சத்யஜித் ராயின் ‘சாருலதா’ 1964. கதை முடியும்போது ஊரைவிட்டுப் போகும் கணவன் முதலில் தயங்கி, பிறகு ‘வா’ என்கிறான். வேண்டாம் என்று விடுகிறாள் சாரு. படத்தில் சாருதான் கையை நீட்டி உள்ளே அழைக்கிறாள். அவன் கையும் நீள்கிறது. இரண்டும் தொடுவதற்கு முன்பே படம் உறைந்துவிடுகிறது. கதையில் கடைசி முடிவு அவளுடையது, கதவு மூடிவிட்டது. படத்தில் முதல் அடி அவளுடையது, முடிவு யாருடையதும் இல்லை. வரி, ஷாட், மாற்றம், விளைவு: இந்த வரிசை குலையாமல் ஒரு பத்தி. ‘இதைப் போலவே’ என்று அடுத்த வித்தியாசத்துக்குத் தாவாதீர்கள். விளைவைச் சொல்லாமல் தாவும் இடத்தில்தான் பட்டியல் பிறக்கிறது.

முதல் பாதி முழுக்கக் கதை, இரண்டாம் பாதி முழுக்கப் படம் என்று பிரித்தும் எழுதாதீர்கள். படத்துக்கு வருவதற்குள் கதையில் சொன்னது வாசகருக்கு மறந்திருக்கும். கதைச் சுருக்கத்துக்கு 120 சொற்களுக்கு மேல் வேண்டாம். வாலாம்பாளுக்கு 700, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 250 கொடுத்தாலும் முன்னுரைக்கு மிச்சம் இருக்கும். எல்லாவற்றையும் ‘இயக்குநர் மாற்றினார்’ என்று எழுதும்முன் படத்தின் பெயர்ப்பட்டியலில் திரைக்கதை யாருடையது என்று பார்த்துவிடுங்கள்.