பரணில் கிடக்கும் வால்வு ஆம்ப்பில் கிதார்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாரதக் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்வந்த வால்வு ஆம்ப்கள் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள்) இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. இப்போது கிதார் வாசிக்கும் பிள்ளைகள் அவற்றைத் தேடி எடுக்கிறார்கள், நல்ல விஷயம். மைக் செட் ரிப்பேர்தான் என் தொழில். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, தாத்தா மைக் செட் வைத்திருந்தார். அவருடைய ஆம்ப் பல வருடமாகப் பரணில் கிடக்கிறது. பெரிய வால்வு இரண்டிலும் ஈஎல்34 என்று எழுதியிருக்கிறது. கிதாரைச் சொருகிப் பார்க்கலாமா?

தம்பி, முதலில் பிளக்கைச் சொருகாதே. அதுதான் முக்கியம். பல வருடம் கரண்டு பார்க்காத எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் (பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டிருக்கும். நேராக 230 வோல்ட் கொடுத்தால் கண்டன்சர் ஷார்ட் ஆகும், கூடவே ரெக்டிஃபையரோ (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பாகம்) பவர் டிரான்ஸ்பார்மரோ போகும். கண்டன்சர் எங்கேயும் கிடைக்கும். அந்த டிரான்ஸ்பார்மர் கிடைக்காது.

எல்லா வால்வையும் கழற்றி, எது எந்தச் சாக்கெட் என்று எழுதி வை. சேஸிஸை (பாகங்கள் மாட்டியிருக்கும் உலோகச் சட்டத்தை) திருப்பிப் போட்டு எலிக்கூடு, கரப்பான் எச்சம், கருகின ரெசிஸ்டர், மெழுகு ஒழுகின கண்டன்சர் இருக்கிறதா என்று பார். பிரஷ்ஷால் சுத்தம் செய். பிறகு ஒரு சீரிஸ் பல்ப் போர்டு செய்துகொள்: 60 வாட் குண்டு பல்பு, ஆம்ப்புக்குப் போகும் கம்பியில் தொடராக. எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது. வால்வு எதுவும் இல்லாமல் ஆன் செய்தால் பல்பு லேசாகச் சிவந்தாலே போதும், டிரான்ஸ்பார்மர் நலம். பளிச்சென்று நின்று எரிந்தால் உடனே அணைத்துவிடு. ஷார்ட் எங்கே என்று தேட வேண்டும்.

அது தாண்டினால் பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் எல்லாம் புதிதாகப் போட்டு, ஸ்பீக்கரைக் கட்டி, அப்புறம் வால்வைச் சொருகலாம். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பில் ஒருபோதும் சத்தம் கொடுக்காதே. சுமை இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுற்றில்) வோல்டேஜ் எகிறி உள்ளே பொறி பறக்கும்.

பென்னாகரம், எலக்ட்ரீஷியன்: வீட்டு வயரிங் எனக்குப் பழக்கம்தான். வால்வு ஆம்ப்பில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன, சார்?

நீங்கள் பிளக்கைப் பிடுங்கியதும் வயர் செத்துவிடும் என்று பழகியவர். இங்கே பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 400, 450 வோல்ட் டி.சி. நிற்கலாம். அது ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் நன்றாக உறை போட்ட க்ளிப் கட்டி, ஒன்றைச் சேஸிஸிலும் மற்றதைக் கண்டன்சரின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டிச் சில நொடி வையுங்கள். பிறகு மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் ஒரு கையைப் பையில் விட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இரண்டு பின் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கோர் கம்பி போடுங்கள். எர்த் கம்பி சேஸிஸில் தனி போல்ட்டில் இறுக வேண்டும். கிதாரின் கம்பி சேஸிஸோடு சேர்ந்தது. வாசிப்பவர் விரல் எந்நேரமும் அதன் மேல்தான் இருக்கிறது. வீட்டுச் சுவரில் மூன்றாவது ஓட்டை சும்மா பெயருக்கு இருக்கிறதா, உண்மையிலேயே எர்த் குழி வரை போகிறதா என்பதையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி, பழைய பொருள் சேகரிப்பவர்: ஒரிஜினல் பாகங்களை மாற்றினால் மதிப்பு போய்விடாதா?

கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் எதையும் தொட வேண்டாம். வாசிக்கப் போகிறீர்கள் என்றால் சில பாகங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்: எலக்ட்ரோலைட்டிக் அனைத்தும், மெழுகும் காகிதமுமாக இருக்கும் கப்ளிங் கண்டன்சர் (ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சத்தத்தைக் கடத்துவது) அனைத்தும். டிரான்ஸ்பார்மர்கள், சாக்கெட், வேலை செய்யும் வால்யூம் கண்ட்ரோல், பெயர்ப் பலகை எல்லாம் அப்படியே இருக்கட்டும். ரெசிஸ்டரை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக ஓம் மதிப்பு ஏறும். 100 கிலோ ஓம் என்று இருப்பது 130, 150 காட்டினால் மாற்றுங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். கழற்றியதை ஒரு கவரில் போட்டு ஆம்ப்போடு கொடுங்கள். அடுத்தவர் கைக்குப் போகும்போது அவருக்கு அது வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வால்வு ரெக்டிஃபையர் இருந்தால் அதை அடுத்து வரும் முதல் ஃபில்டர் கண்டன்சரை இஷ்டத்துக்குப் பெரிதாக்கக் கூடாது. 5ஒய்3க்கு 20 மைக்ரோஃபாரட், ஈஇசட்81க்கு 50, ஜிஇசட்34க்கு 60 என்று எல்லை உண்டு. "பெரிசா போட்டா ஹம் (உம்மென்ற இரைச்சல்) குறையும்" என்று 220 மைக்ரோஃபாரட் போட்டால் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ரெக்டிஃபையர் அடி வாங்கும்.

காவேரிப்பட்டினம், கிதார் கலைஞர்: பத்து நிமிடம் வாசித்ததும் ஒரு பவர் வால்வின் உள் தகடு செக்கச்செவேல் என்று சிவக்கிறது. வால்வை மாற்றினேன், புது வால்வும் சிவக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?

சிவந்ததும் அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூடப் பொறுக்க வேண்டாம். வால்வை மாற்றியும் அதே சாக்கெட்டில் சிவப்பதால் நோய் வால்வில் இல்லை. வால்வு ஆம்ப் ரிப்பேரில் நான் அதிகம் பார்ப்பது இந்த நோயைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பவர் வால்வின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) முன்னால் ஒரு கப்ளிங் கண்டன்சர் இருக்கும். அதன் ஒரு பக்கம் முந்தைய வால்வின் 200 வோல்ட்டுக்கு மேலான டி.சி.; மறுபக்கம் கிரிட். கண்டன்சரின் வேலை டி.சி.யைத் தடுத்துச் சத்தத்தை மட்டும் விடுவது. பழைய காகிதக் கண்டன்சர் கசிந்து சில வோல்ட் அந்தப் பக்கம் போய்விட்டால், கிரிட்டின் நெகட்டிவ் பிடி தளர்ந்து வால்வில் அளவுக்கு மீறிக் கரண்டு பாயும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். பத்து நிமிடம் கழித்துச் சிவப்பது அதனால்தான்.

சோதிக்கும் வழி: பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, அந்தச் சாக்கெட்டின் கிரிட் பின்னில் டி.சி. அளங்கள். கிரிட்டின் அந்த நெகட்டிவ் பிடிக்குத்தான் பயாஸ் என்று பெயர். அது கேத்தோடு ரெசிஸ்டரிலிருந்தே வரும் கேத்தோடு பயாஸ் ஆம்ப் என்றால் பூஜ்யம் இருக்க வேண்டும். தனி நெகட்டிவ் சப்ளையிலிருந்து வரும் ஃபிக்ஸட் பயாஸ் என்றால் இரண்டு சாக்கெட்டிலும் ஒரே அளவு நெகட்டிவ் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அந்தக் கண்டன்சர்தான் குற்றவாளி. 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகையில் அதே மதிப்புக்கு இரண்டையும் மாற்றுங்கள். இரண்டு சாக்கெட்டிலும் குறைந்திருந்தால் பயாஸ் சப்ளையின் சின்ன எலக்ட்ரோலைட்டிக்கைப் பாருங்கள். கண்டன்சர் சரியாக இருந்தால், கிரிட் ரெசிஸ்டர் உள்ளே அறுந்துபோயிருக்கிறதா, சாக்கெட் பின் துருவில் பிடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு பயாஸை அளந்து வையுங்கள். ஒவ்வொரு கேத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால் மீட்டரில் ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு மில்லியாம்ப். வால்வு ஈஎல்34 என்றால் தகட்டின் எல்லை 25 வாட். உங்கள் ஆம்ப்பில் 420 வோல்ட் இருந்தால் சும்மா நிற்கும்போது 36 முதல் 42 மில்லியாம்ப் வரை வைக்கலாம். எனக்கு 36 பக்கம் பிடிக்கும். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, வால்வு நாள்படும்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: மாமா அமெரிக்காவிலிருந்து பழைய சின்ன ஃபெண்டர் சாம்ப் கிதார் ஆம்ப் கொண்டுவந்தார். இங்கே எப்படி ஓட்டுவது?

220க்கு 110 தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போதும். ஒரே 6வி6 (பவர் வால்வு), ஒரே 12ஏஎக்ஸ்7 (சின்ன வால்வு), ஒரு 5ஒய்3 (ரெக்டிஃபையர்) உள்ள சின்ன ஆம்ப், ஐந்து வாட்தான் வரும், எனவே 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறன் தாராளம். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதே வோல்டேஜில் டிரான்ஸ்பார்மர் இரும்புக்குள் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்து, பவர் டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கான மாற்று டிரான்ஸ்பார்மர் போட்டுவிட்டுப் பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அரூர், சர்ச்சில் வாசிப்பவர்: மைக் செட் ஆம்ப்பைச் சரிசெய்துவிட்டேன். கிதார் சுத்தமாக வருகிறது, ஆனால் உயிரில்லை. ராக் பாட்டுக்கு வேண்டிய அந்த உறுமல் வரவே மாட்டேன் என்கிறது.

பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று செய்த ஆம்ப் அது. சத்தம் உடையாமல் இருக்கத்தான் அதை வடிவமைத்தவர் பாடுபட்டார். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. மாற்றலாம், ஆனால் ஒன்றை மாற்றி, வாசித்துக் கேட்டு, பிடித்திருந்தால் வைத்துக்கொண்டு, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். சேஸிஸில் புது ஓட்டை போடாதீர்கள்; எல்லாமே திரும்பக் கழற்றக் கூடியதாக இருக்கட்டும்.

முதலில் இன்புட். கிதார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், ஜாக்கிலிருந்து கிரிட்டுக்கு 68 கிலோ ஓம். இன்புட்டில் மைக் டிரான்ஸ்பார்மரோ குறைந்த மதிப்பு ரெசிஸ்டரோ இருந்தால் அதுவே கிதாரின் மேல்சுரங்களைக் கொன்றுகொண்டிருக்கும். இது ஒன்றிலேயே பாதி உயிர் திரும்பும்.

இரண்டாவது, இத்தகைய ஆம்ப்களில் பெரும்பாலும் இரண்டு, மூன்று மைக் இன்புட் இருக்கும். உங்களுக்கு ஒன்றே போதும். ஈசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் இன்னொரு பெயர்) ஒன்றுக்குள் இரண்டு டிரையோடு (தனித்தனியாகப் பெருக்கும் பகுதி, ஒவ்வொன்றும் ஒரு படி) இருப்பதால், சும்மா கிடக்கும் இரண்டாவது மைக்கின் டிரையோடை முதலாவதன் பின்னால் தொடராகச் சேர்த்துவிடுங்கள். ஒரு படி சுமார் ஐம்பது மடங்கு பெருக்கும். அதனால் நடுவில் வால்யூம் கண்ட்ரோல் கட்டாயம் வேண்டும். கம்பிகள் குட்டையாக, கிரிட் கம்பி ஷீல்டு போட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கீச்சென்று ஊளையிடும்.

மூன்றாவது, கேத்தோடு கண்டன்சர். 25 மைக்ரோஃபாரட் இருந்தால் கீழ்ச்சுரம் முழுதும் வரும், சத்தத்தை உடைக்கும்போது குழம்பிச் சேறாகக் கேட்கும். முதல் படியில் 0.68 அல்லது 1 மைக்ரோஃபாரட் போட்டுக் கேளுங்கள், உறுமல் இறுகும்.

கடைசியாக, ஸ்பீக்கர் முனையிலிருந்து முந்தைய படிக்குத் திரும்பி வரும் ஃபீட்பேக் ரெசிஸ்டர். அதன் மதிப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டினால் ஆம்ப் தளர்ந்து, விரல் அழுத்தத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். சர்ச்சில் பாடகர் குழுவோடு வாசிப்பதால் முழுதாகக் கழற்ற வேண்டாம் என்பேன், சுத்தமான சத்தமும் உங்களுக்கு வேண்டுமே.

ஊத்தங்கரை, சவுண்ட் சர்வீஸ்: குழாய் ஸ்பீக்கரிலேயே கிதார் கொடுக்கலாமா?

வேண்டாம் ஐயா. கிதாரின் கீழ்க் கம்பி 82 ஹெர்ட்ஸ். குழாயில் அது வராது, உள்ளே இருக்கும் யூனிட்டின் டயாபிரம்தான் (அதிரும் மெல்லிய தகடு) கிழியும். 12 அங்குலம், 8 ஓம், காகிதக் கூம்பும் காகித ஓரமும் உள்ள ஸ்பீக்கரை ஆம்ப்பின் 8 ஓம் முனையில் கட்டுங்கள். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நீளக் கம்பி இழுப்பதற்கான 100 வோல்ட் லைன் முனையைத் தொடாதீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி, வீட்டில் பழகுபவர்: எல்லாம் மாற்றியும் ஹம் போகவில்லை அண்ணா.

எந்த ஹம் என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். தடித்த 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியிலிருந்து வரும்; கொஞ்சம் மேலே 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளை. பிறகு இன்புட் பக்கத்திலிருந்து சின்ன வால்வை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ, அந்தப் படியிலோ அதற்கு முன்னாலோதான் வழி. ஹீட்டர் கம்பிகளை இறுக்க முறுக்கிச் சேஸிஸ் மூலையோடு ஓட்டுங்கள். ஹீட்டர் சுற்றுக்கு நடு முனை கிரவுண்ட் இல்லையென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று கிரவுண்டுக்குப் போடுங்கள். எல்லாச் சின்ன வால்வையும் கழற்றியும் ஹம் இருந்தால் இரண்டு பவர் வால்வும் சம கரண்டு இழுக்கிறதா என்று அளங்கள். ஜோடி சமமாக இருந்தால்தான் சப்ளையின் ஹம் ஒன்றையொன்று அழிக்கும்.

தேன்கனிக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: வால்வு எங்கே கிடைக்கிறது?

உங்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தான் சார். மற்றவர்கள் சென்னை ரிச்சி தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம். பெங்களூரு ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு செய்தது. பெல் (BEL) என்று அச்சிட்டது கிடைத்தால் சோதித்துப் பார்த்து வாங்குங்கள், நல்ல சரக்கு. புதிதாக வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்ய, சீன வால்வுகள் உண்டு. கண்ணாடியின் உள்ளே வெள்ளி நிறப் பூச்சு பாலாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வாங்காதீர்கள்.

காரிமங்கலம், ரீவைண்டிங் கடை: ஒருவர் எரிந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கொண்டுவந்தார். மோட்டார் கட்டுவது போலக் கட்டிக் கொடுக்கலாமா?

கட்டலாம், ஆனால் பிரிக்கும்போதே எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு. நல்ல அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் பிரைமரியையும் செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசையை விட்டு மொத்தமாக ஒன்றின் மேல் ஒன்று சுற்றினால் மேல்சுரம் போய்விடும். பிரைமரியின் இரண்டு பாதியும் சுற்று எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் தாள் போட்டு, வார்னிஷில் ஊறவைத்துக் காயவிடுங்கள். இரும்புத் தகட்டை எதிரெதிராக மாற்றி மாற்றிச் செருகுங்கள். ஆனால் ஒரே ஒரு பவர் வால்வு உள்ள ஆம்ப் என்றால் ஈ (E) வடிவத் தகடெல்லாம் ஒரு பக்கம், ஐ (I) வடிவத் தகடெல்லாம் மறுபக்கம், நடுவில் மெல்லிய தாள் இடைவெளி. அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ராயக்கோட்டை, ஒரு தாய்: மகள் கிதார் கற்கிறாள். இவ்வளவு பாடுபட்டுப் பழையதைச் சரிசெய்வதா, புதிதாக டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்குவதா?

கற்கத் தொடங்கும் பிள்ளைக்குப் புது டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும் அம்மா. எடை குறைவு, ஆபத்தும் குறைவு. வீட்டில் பழையது ஒன்று ஏற்கெனவே இருந்தால் மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ஈரம் படாமல், கரையான் ஏறாமல், வால்வுகளைத் துணியில் சுற்றித் தனி டப்பாவில் வைத்திருங்கள். அவள் கை தேறி, சாலிடரிங் பிடிக்கவும் ஆசை வந்தால், மீட்டர் வாங்கிக்கொண்டு இங்கே அழைத்து வாருங்கள். முதல் முறை மூடியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன்.