சிகாகோவா, செயின்ட் லூயிஸா? கொலைக் கணக்குக் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்க நகரங்களில் கொலை விகிதம் பற்றி நேற்றிலிருந்து வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். குற்றப் புள்ளிவிவரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசத் தடை இருப்பதால், இங்கே பதில் கொஞ்சம் நீளும்.

கணக்குப்புலி: செய்தியைத் திறந்தால் சிகாகோதான். அப்படியென்றால் அதுதானே முதலிடம்?

கொலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பல வருடங்களாக அதுதான் முன்னால். 2024இல் சுமார் 570 கொலைகள். ஆனால் ஊரில் 27 லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆகவே லட்சம் பேருக்கு 21. அதே வருடம் செயின்ட் லூயிஸில் 150 கொலைகள். அங்கே மக்கள்தொகை 3 லட்சம்கூட இல்லை, லட்சத்துக்கு 50ஐத் தாண்டிவிடுகிறது. நியூயார்க்கில் 380 பேர் வரை கொல்லப்பட்டும், 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருப்பதால் விகிதம் 4.5 பக்கம்தான். சிகாகோவின் பெயர் இவ்வளவு அடிபடுவதில் பாதி அரசியல்.

ஓர் அம்மா: மகனுக்கு செயின்ட் லூயிஸில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2020இல் லட்சத்துக்கு 87 கொலை என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. அனுப்பலாமா?

அந்த 87 பொய் இல்லை அம்மா. 263 கொலைகள், 3 லட்சத்துச் சொச்சம் மக்கள். ஆனால் அது எந்த இடத்துக்கான கணக்கு என்று பாருங்கள். 1876இல் செயின்ட் லூயிஸ் நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுன்ட்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் மாதிரி) தனியாகப் பிரிந்தது. அதை இன்றும் 'பெரிய விவாகரத்து' என்றுதான் சொல்கிறார்கள். அன்றைக்குப் போட்ட எல்லை இன்னும் அப்படியே இருக்கிறது. பிறகு வளர்ந்த புறநகர்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியே, கவுன்ட்டியில் மட்டும் 10 லட்சம் பேர். வேலைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நகரத்துக்குள் வருகிற இவர்கள், கொலைகளை மக்கள்தொகையால் வகுக்கும்போது மட்டும் கணக்கில் வரமாட்டார்கள். ஜாக்சன்வில் இதற்கு நேர்மாறாக 1968இல் தன் கவுன்ட்டியோடு சேர்ந்துகொண்டது, இண்டியானாபோலிஸ் 1970இல். அமைதியான புறநகர்களும் அந்த ஊர்களின் கணக்கில் சேர்ந்து, விகிதத்தை இறக்கிவிடுகின்றன.

ஒரு வேடிக்கை: அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகத்தில் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயும் எல்லாத் தெருவும் ஒன்றல்ல. டெல்மார் சாலைக்கு வடக்கே வறுமையும் பாழடைந்த வீடுகளும் அதிகம், கொலைகளும் அங்கேதான் குவிகின்றன. நகர விகிதத்தை மறந்துவிட்டு, தங்கப்போகும் தெரு எது, இரவில் ஆய்வகத்திலிருந்து எப்படித் திரும்புவார் என்று கேளுங்கள். நான் என்றால் அனுப்புவேன்.

இரவுக்கழுகு: நியூயார்க் எப்படித் திருந்தியது? மேயர் ஜூலியானிதானே காரணம்?

1990இல் 2,245 கொலைகள், 2017இல் 292. இந்த வீழ்ச்சிக்கு ஒரே ஆளுக்கு மாலை போட முடியாது. ஜூலியானி பதவிக்கு வந்தது 1994இல், எண்ணிக்கை அதற்கு முன்பே, முந்தைய மேயர் டிங்கின்ஸ் காலத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருளின் வியாபாரம் தணிந்தது, போலீஸ்காரர்கள் அதிகமானார்கள், எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று வாராவாரம் வரைபடத்தில் பார்க்கும் முறையும் வந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டில் நாடு முழுக்கவே கொலை குறைந்தது. நியூயார்க் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக இறங்கியதற்கு மட்டும்தான் உள்ளூர்க் காரணம் தேட வேண்டும்.

சந்தேகராணி: பிணத்தை எண்ணுவதில் என்ன குழப்பம் வந்துவிடும்?

நிறைய வரும். சிகாகோவுக்குள் ஓடும் விரைவுச்சாலையில் சுட்டுக்கொல்லப்பட்டால் அது மாநிலப் போலீஸின் வழக்கு, நகரப் போலீஸின் எண்ணிக்கையில் சேராது. செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களை, நாடு முழுக்கக் குற்றக் கணக்குத் தொகுக்கும் எஃப்பிஐ தன் வழக்கமான கொலைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1981இல் அதிபர் ரீகனோடு சேர்ந்து சுடப்பட்ட அவரது செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி 2014இல்தான் இறந்தார், 33 வருடம் கழித்து அந்த மரணம் கொலை என்று பதிவானது. 2021இலோ எஃப்பிஐ புதிய பதிவுமுறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் விவரமே முழுசாகப் போய்ச் சேரவில்லை. அந்த வருடத்துத் தரவரிசையை யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தெற்குப்பக்கத்தான்: சிகாகோவில்தான் துப்பாக்கிச் சட்டம் கடுமையாயிற்றே, பிறகு ஏன்?

இண்டியானா மாநில எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்திலிருந்து வந்தவை என்று நகர நிர்வாகத்தின் 2017 அறிக்கையே சொன்னது, அதில் இண்டியானாவுக்கு முதலிடம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குண்டடி பட்டவர் பிழைத்தால் அது கொலை முயற்சி, இறந்தால் கொலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பல நேரம் ஆம்புலன்ஸ் ஓடும் தூரம்தான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை பெரியவர்களுக்கான விபத்துக்காயப் பிரிவை 1988இல் மூடியது, 2018இல்தான் மறுபடி திறந்தது. முப்பது வருடம்! ஊர்க்காரர்கள் போராடித்தான் அது வந்தது.

மூட்டைமுடிச்சு: பெரிய நகரங்களில் எது பாதுகாப்பானது?

டெக்சஸில் மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் எல் பாசோவைப் பலர் சொல்வார்கள். 2010இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, இந்தப் பக்கம் 5 கொலைகள். ஆனால் 2019இல் அதே ஊரின் வால்மார்ட் கடை ஒன்றில் ஒரே ஆள் 23 பேரைக் கொன்றான். ஒரு வருட எண்ணை வைத்து ஊருக்கு முத்திரை குத்தாதீர்கள்.

கணக்குப்புலி (மறுபடியும்): அப்புறம் எதைத்தான் ஒப்பிடுவது?

ஒரு ஊரை அதே ஊரோடு ஒப்பிடுங்கள், எல்லைக்கோடு குறுக்கே வராது. பாஸ்டனில் 1990இல் 152, 1999இல் 31, 2024இல் 24. ஃபிலடெல்ஃபியாவில் 2021இல் 562, 2024இல் 269. பால்டிமோரில் 2015 முதல் 2022 வரை ஒவ்வொரு வருடமும் 300க்கு மேல், 2024இல் 201. இந்த இறக்கங்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

சந்தேகராணி: கடைசியாக ஒன்று. மிசிசிப்பியின் ஜாக்சன் படுமோசம் என்கிறார்கள், பட்டியல்களில் காணோமே?

2021இல் அங்கே லட்சத்துக்கு சுமார் 100, செயின்ட் லூயிஸைவிட மோசம். ஆனால் ஊரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சம்தான். பட்டியல் போடுகிறவர்கள் பலர் இரண்டரை லட்சத்துக்குக் கீழே உள்ள ஊர்களை எடுப்பதில்லை. செயின்ட் லூயிஸிலும் ஆண்டுதோறும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இப்போது சுமார் 2.8 லட்சம். இப்படியே போனால், ஒரு கொலைகூடக் குறையாமலேயே அதுவும் பட்டியலை விட்டு இறங்கிவிடும்.